இருண்ட எதிர்கால நாவலுக்குக் களம் அமைப்பது எப்படி: பெங்களூருவை வைத்து ஒரு பயிற்சி

இளையோருக்கான இருண்ட எதிர்கால நாவலை முதன்முறையாக எழுதுவோர் பெரும்பாலும் கொடுங்கோல் அரசிலிருந்து தொடங்குகிறார்கள். நான் ஊரிலிருந்து தொடங்கச் சொல்வேன். ஊரில் எது கிடைக்கவில்லை என்று தெரிந்துவிட்டால், அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பது தானே விளங்கிவிடும்.

படி 1: ஒரே ஒரு பற்றாக்குறையைத் தேர்ந்தெடுங்கள்

பெங்களூருவில் வசிக்கும் நாம் இதற்காக அலைய வேண்டியதில்லை. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த நகரத்துக்கு, சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தொரேகாடனஹள்ளியிலிருந்து, ஏறத்தாழ 500 மீட்டர் மேலேற்றப்பட்டுத்தான் காவிரி நீர் வருகிறது. மின்சாரம் நின்றால் குழாயும் நிற்கும். 2024 மார்ச்சில், குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. கற்பனைச் சட்டம் எழுதப் பழக இதைவிட நல்ல மாதிரி எனக்குக் கிடைத்ததில்லை.

படி 2: அந்தப் பற்றாக்குறையை ஒரு வீட்டுக்குள் கொண்டுவாருங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஐம்பது ஆண்டுகள் தள்ளி, பெங்களூருவின் அல்சூர் பகுதியில் ஒரு குறுகிய சந்து இருப்பதாகக் கற்பனை செய்யுங்கள். பதினைந்து வயதுச் சிறுமி ஒருத்தி அரிசி களைந்த நீரில் பாத்திரம் கழுவி, அதே நீரைத் துணியில் வடிகட்டி மறுநாளுக்கு எடுத்துவைக்கிறாள். அவளுடைய தாத்தா, சந்துகளுக்குக் குழாய்நீர் விடும் வால்வுகளைத் திறப்பவர். அவருடைய நீண்ட இரும்புச் சாவி கதவுக்குப் பின்னால் சாத்தப்பட்டிருக்கிறது. "பெரியப்பா, எங்க சந்துக்கு இன்னைக்கு எப்ப விடுவீங்க?" என்று கேட்டுக்கொண்டு, நரைத்த தலையுள்ளவர்கள்கூட வாசலில் கைகட்டி நிற்கிறார்கள். ஒரு சந்தின் வால்வைத் தாத்தா பல மாதங்களாகத் திறப்பதே இல்லை என்பதையும், அந்தச் சந்தில்தான் தன் தோழி குடியிருக்கிறாள் என்பதையும் சிறுமி கண்டுபிடிக்கும்போது கதை நகரத் தொடங்குகிறது. வில்லனைத் தனியாகப் படைக்க வேண்டிய தேவையே எழவில்லை என்பதைக் கவனியுங்கள். சாவியை அவள் எடுப்பாளா என்பதே உங்கள் நாவல்.

படி 3: தரைக்கு அடியில் என்ன இருந்தது என்று பாருங்கள்

மெஜஸ்டிக் பேருந்து நிலையம் இருக்கும் இடம் முன்பு தர்மாம்புதி ஏரி. கண்டீரவா மைதானம் இருப்பது சம்பங்கி ஏரி இருந்த இடத்தில். குடிக்க நீரில்லாத ஊரில் ஒரே இரவு மழையில் பழைய ஏரிகள் தெருவில் எழுந்து நின்றால், சிறுமி தப்பியோடும் பாதை மாறிவிடும்.

படி 4: ஊரை மாற்றிச் சோதியுங்கள்

எழுதிய அத்தியாயத்தை அப்படியே ஒரு கடற்கரை நகரத்துக்கு மாற்றிப் படியுங்கள். எதுவும் கெடவில்லையென்றால் களம் இன்னும் வெறும் திரைச்சீலையாகத்தான் இருக்கிறது. இரண்டாம் படிக்குத் திரும்புங்கள். நான் மிகவும் ரசித்து எழுதிய ஒரு சந்தைக் காட்சி இந்தச் சோதனையில் தோற்றது. இரண்டு நாள் தயங்கிவிட்டு, அதை எடுத்துவிட்டேன்.