பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்: ஷெட்டில் தூங்க விடாமல் ஓட்டுவது எப்படி

எம்ஜிபி, எம்ஜி மிட்ஜெட், ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், டிஆர்6 என்று 1960களிலும் 70களிலும் வந்த இரண்டு சீட்டு கார் ஒன்றை வாங்கிவிட்டீர்கள், அல்லது வாங்கலாமா என்று யோசிக்கிறீர்கள். உடனே நாலு பேர் வந்து "பத்திரமா மூடி வைங்க, நல்ல வெயில் அடிச்சா மட்டும் எடுங்க" என்பார்கள். நான் இதற்கு நேர் எதிர் கட்சி. இந்த வண்டிகள் ஓடிக் கெடுவதைவிட நின்று கெடுவதுதான் அதிகம். மாதக்கணக்கில் நின்றால் பிரேக் காலிப்பர் பிஸ்டன் துருப்பிடித்து இறுகும், கிளட்ச் பிளேட் ஃபிளைவீலோடு ஒட்டிக்கொள்ளும், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வற்றிப் பிசினாகும், ஆயில் சீல்கள் காய்ந்து ஒழுகத் தொடங்கும். வாரம் ஒரு தடவையாவது, எஞ்சின் ஆயில் நன்றாகச் சூடேறும்வரை, அரை மணி நேரம் ஓட்டுங்கள். ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து நின்ற இடத்திலேயே உறுமவிட்டு அணைப்பது கணக்கில் சேராது. அதனால் ஆயிலிலும் சைலன்ஸரிலும் தண்ணீர்தான் சேரும்.

இன்னும் வாங்கவில்லை என்றால், எஞ்சினைப் பார்க்காதீர்கள், பாடியைப் பாருங்கள். எஞ்சின் வேலை ஒரு செலவோடு முடியும், துரு முடியாது. எம்ஜிபியில் கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதிதான் வண்டியின் முதுகெலும்பு, ஏனென்றால் அதற்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. கூரையைத் திறந்து வைத்து, கதவின் பின் ஓரத்தில் இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். மேலே நெருங்கியும் கீழே விரிந்தும் இருந்தால் நடுப்பகுதி தொய்ந்துவிட்டது என்று சந்தேகப்படலாம். ஒரு சின்னக் காந்தம் கையில் இருக்கட்டும். பளபளக்கும் பெயின்டுக்குக் கீழே இரும்பா, ஓட்டையை அடைத்த பட்டிப் பூச்சா என்று அது சொல்லிவிடும். ஸ்பிட்ஃபயருக்குத் தனிச் சேஸிஸ் உண்டு, ஆனால் அதிலும் சில் பலம் தேவை.

அடிக்கடி ஓட்டத்தான் என்றால் என் ஓட்டு எம்ஜிபிக்கு. 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கும் மேல் தயாரித்தார்கள், அதனால் உதிரிப்பாகம் கிடைக்காமல் அவதிப்படும் வண்டி இல்லை இது. 1988 முதல் புது பாடி ஷெல்லே செய்து விற்கிறார்கள். ஸ்பிட்ஃபயரின் ஒரு சௌகரியம், முன்பக்கம் முழுதும் பெட்டி மூடிபோலத் திறக்கும், முன் டயர்மேல் உட்கார்ந்தபடியே எஞ்சின் வேலை பார்க்கலாம். ஜாகுவார் இ-டைப் அழகுதான், மறுக்கவில்லை. முதல் வண்டியாக வேண்டாம்.

ஓவர்டிரைவ், அதாவது வேகமாகப் போகும்போது எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர், இருக்கிறதா என்று கேளுங்கள். எம்ஜிபியில் மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் அது இல்லாமல் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 3,900 சுற்று சுற்றும், இருந்தால் 3,200க்குப் பக்கத்தில் அடங்கும். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் போனால் வித்தியாசம் காதுக்கே தெரியும்.

சரி, வண்டி வந்துவிட்டது. எந்தத் தூரப் பயணத்துக்கும் முன்பு ரப்பர் சமாச்சாரம் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள்: பெட்ரோல் ஹோஸ், ரேடியேட்டர் ஹோஸ், பிரேக் ஹோஸ், ஃபேன் பெல்ட், டயர். டயரில் பட்டன் தேயாமல் நன்றாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள், பக்கவாட்டில் வாரமும் ஆண்டும் நாலு இலக்கத்தில் அச்சிட்டிருக்கும், பத்து வருடத்துக்கு மேலானது என்றால் கழற்றிப் போடுங்கள். பெட்ரோல் ஹோஸ் எத்தனால் தாங்கும் ரகமாக இருக்கவேண்டும், பழைய ரப்பரை எத்தனால் அரித்துவிடும், அது கசியும் இடம் பெரும்பாலும் சூடான எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில்தான் அமையும். எத்தனால் குறைவான பெட்ரோல் கிடைத்தால் அதையே போடுங்கள். பிரிட்டனில் 2021 முதல் சாதாரண பங்க் பெட்ரோல் இ10 (10 சதவீதம் வரை எத்தனால்) ஆகிவிட்டது, சூப்பர் ரகம்தான் இ5 (5 சதவீதம் வரை). அப்புறம் ஈயம். இந்த எஞ்சின்கள் ஈயம் கலந்த பெட்ரோலுக்குச் செய்யப்பட்டவை, வால்வு சீட் தேயாமல் காத்தது அந்த ஈயம்தான். ஹெட்டில் கடினமான வால்வு சீட் போட்டிருந்தால் கவலை இல்லை. போடவில்லை என்றால் வால்வு சீட் தேய்மானத்தைத் தடுக்கும் திரவத்தை டேங்கில் கலந்து ஓட்டுங்கள், நீண்ட நேரம் அதிவேகத்தில் விரட்டாதீர்கள், அடுத்து ஹெட்டைக் கழற்றும்போது சீட்டை மாற்றிக்கொள்ளலாம்.

எஞ்சினுக்கு 20டபிள்யூ-50 மினரல் ஆயில், பழைய எஞ்சின்களுக்கென்றே விற்பதாகப் பார்த்து வாங்குங்கள். அதில் துத்தநாகச் சேர்மம் அதிகம் இருக்கும். கேம் ஷாஃப்டும் டேப்பெட்டும் உரசித் தேயாமல் காப்பது அதுதான். விலை உயர்ந்த மெல்லிய சிந்தெடிக் ஆயில் இந்த எஞ்சினுக்குச் செய்யும் மரியாதை இல்லை. 5,000 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுங்கள். தரையில் ரெண்டு சொட்டு ஆயில் விழுவது இந்தக் குடும்பத்தின் குணம், விட்டுவிடலாம். ஆனால் வாரம் ஒருமுறை டிப் ஸ்டிக் பார்ப்பதை விடக்கூடாது.

இப்போது கிரீஸ் கன். புதுக் கார் ஓட்டிப் பழகியவர்கள் மறக்கும் வேலை இது. எம்ஜிபியின் முன் சக்கரம் ஒவ்வொன்றிலும், கிங் பின்னில் (சக்கரம் திரும்பும் அச்சுத்தண்டில்) மூன்று கிரீஸ் நிப்பிள் உண்டு, கம்பெனி சொன்ன இடைவெளி 3,000 மைல், அதாவது கிட்டத்தட்ட 5,000 கி.மீ. ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, சக்கரம் தொங்கும் நிலையில் அடித்தால் கிரீஸ் எல்லா இடத்துக்கும் போகும். ஸ்பிட்ஃபயர், அதன் கூரையுள்ள உறவான ஜிடி6 வைத்திருப்பவர்கள் இங்கே ஒரு நிமிடம் நிற்கவேண்டும். முன் சக்கரத்தின் கீழ் ட்ரன்னியனுக்கு (சக்கரத்தைத் தாங்கும் தண்டு மரையோடு பூட்டித் திரும்பும் மூட்டு) கிரீஸ் அடிக்கக்கூடாது, கியர் ஆயில் போடவேண்டும், இபி 90 ரகம். கிரீஸ் மரைக்குள் இறங்காது, உள்ளே தண்ணீர் தங்கித் துருப்பிடிக்கும், ஒருநாள் அந்தத் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். இந்த ஒரு விஷயத்தைப் பழைய ஓனர் எப்படிச் செய்தார் என்று கேட்டாலே அவர் வண்டியை எப்படி வைத்திருந்தார் என்பது புரிந்துவிடும்.

எஸ்யூ கம்பெனி கார்புரேட்டரின் மேலே கறுப்பு அல்லது பித்தளை மூடி ஒன்று இருக்கும், அதைத் திருகி எடுத்து உள்ளே 20 கிரேடு ஆயில் கொஞ்சம் விடவேண்டும். அது வற்றினால் ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது வண்டி ஒரு கணம் தயங்கும், ட்யூனிங் போய்விட்டது என்று நினைத்து எல்லா ஸ்குரூவையும் திருப்பி இன்னும் கெடுப்பவர்கள் ஏராளம். இரண்டு கார்புரேட்டர் இருந்தால் இரண்டிலும் பாருங்கள். எம்ஜிபியில் காலையில் சாவியைப் பாதி திருப்பியதும் பின்னாலிருந்து டிக் டிக் என்று எஸ்யூ பெட்ரோல் பம்பு அடிக்கும்; சத்தம் நிதானமானதும் சோக் இழுத்து ஸ்டார்ட் செய்யுங்கள், உடனே கிளம்பி, போகப்போக சோக்கை உள்ளே தள்ளுங்கள். நின்றபடி சோக்கில் ஓடவிட்டால் அதிகப்படி பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிவிடும். பம்பு டிக் அடிக்கவே இல்லையா? ஸ்பானர் பிடியால் மெதுவாக ஒரு தட்டு, பல நேரம் போதும். அதற்காகத் தட்டிக்கொண்டே காலம் தள்ளாதீர்கள், பம்புக்குள் இருக்கும் மின்தொடர்புப் பாயிண்ட் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

இந்த வண்டிகளுக்கு மின்சாமான் செய்த லூகாஸ் கம்பெனியின் எலக்ட்ரிக்கல் பற்றி ஊரே கிண்டல் செய்யும். பாதி நியாயம்தான். ஐம்பது வருட ஒயரிங்கில் கோளாறு என்றால் பெரும்பாலும் எர்த் இணைப்பு (வண்டியின் இரும்பு பாடியோடு சேர்வது) அல்லது ஒயர்களைச் சேர்க்கும் சின்ன புல்லட் கனெக்டர். ஒவ்வொன்றாகக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மாட்டினாலே முக்கால்வாசி பேய் ஓடிவிடும். ஹெட்லைட்டுக்கு ரிலே போடுங்கள், இல்லையென்றால் மொத்தக் கரன்டும் டாஷ்போர்டு சுவிட்ச் வழியாகவே போகும், விளக்கும் மங்கல், சுவிட்சும் சூடு. 1967க்கு முந்தைய எம்ஜிபி என்றால் பேட்டரியின் பாஸிட்டிவ்தான் எர்த். இது தெரியாமல் புது ரேடியோவோ போன் சார்ஜரோ மாட்டினால் புகைதான் வரும். தீப்பொறியை இயக்கும் பழைய இக்னிஷன் பாயிண்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன் போடலாமா? தினசரி ஓட்டுபவருக்கு நான் ஆமாம் என்பேன், ஆனால் எர்த் எந்தப் பக்கம் என்று பார்த்து வாங்கி, பழைய பாயிண்ட் செட்டை டிக்கியில் போட்டு வைத்திருங்கள். புதிதாக வரும் மலிவு ரோட்டார் ஆர்மும் கண்டென்சரும் நம்பத்தகாதவை, நன்றாக ஓடும் பழையதைப் புதிது என்ற ஒரே காரணத்துக்காக மாற்றவேண்டாம்.

ஓட்டும் விதமும் மாறவேண்டும். பலவற்றில் மிதிக்கும் பலத்தைப் பெருக்கும் பிரேக் சர்வோ கிடையாது, ஏபிஎஸ் எதிலும் கிடையாது, பழைய மாடல்களில் பிரேக்குக்கு ஒரே சர்க்யூட், ஒரு ஹோஸ் வெடித்தால் நாலு சக்கரமும் போச்சு. அதனால் முன்னால் போகும் காருக்கு இரண்டு மடங்கு இடைவெளி விடுங்கள், பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றுங்கள். கண் அடிக்கடி ஆயில் பிரஷர் மீட்டருக்குப் போகட்டும். சூடான எம்ஜிபி எஞ்சினில் ஓட்டத்தில் 50 பிஎஸ்ஐக்குக் குறையாமல் இருந்தால் நிம்மதி. ஐடிலில் 15, 20க்கு இறங்குவதைப் பார்த்துப் பயப்படவேண்டாம். கம்பி வீல் இருந்தால், ஜாக்கியில் தூக்கி ஹேண்ட் பிரேக் போட்டுப் பின் சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டுங்கள், கிளிக் என்று ஆடினால் ஸ்ப்ளைன் (சக்கரத்தை ஹப்போடு பூட்டும் பற்கள்) தேய்ந்திருக்கிறது.

மழையில் ஓட்டலாம், ஒன்றும் கரைந்துவிடாது. பனிக்கு உப்புத் தூவிய சாலையில் போனால் மட்டும் அன்றே அடிப்பாகத்தைக் கழுவுங்கள், கதவுக்கும் சில்லுக்கும் அடியில் உள்ள வடிகால் ஓட்டைகளைக் குத்தித் திறந்து வையுங்கள்.

டிக்கியில் ஃபேன் பெல்ட், ரோட்டார் ஆர்ம், ஃபியூஸ், பல்ப், கொஞ்சம் ஒயர், ஹோஸ் கிளிப், தண்ணீர். கை எட்டும் இடத்தில் தீயணைப்பான், டிக்கியில் அல்ல.

பிரிட்டனில் ஓட்டுபவர்களுக்குக் காகித வேலை சுலபம். 40 வயதைத் தாண்டிய வண்டிக்கு, விண்ணப்பித்தால் சாலை வரி கிடையாது. பெரிய மாற்றம் எதுவும் செய்யவில்லை என்றால் எம்ஓடி என்ற வருடாந்தரத் தகுதிச் சோதனையும் கட்டாயம் இல்லை. இன்சூரன்ஸில் வண்டியின் மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் பாலிசி எடுங்கள், வேலைக்கு ஓட்டிப் போவதாக இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். எம்ஓடி கட்டாயமில்லை என்றாலும் நான் வருடாவருடம் கொண்டுபோவேன்: லிஃப்டில் ஏற்றும்போது சோதிப்பவர் அனுமதித்தால் டார்ச்சோடு கூடவே நின்று பின் ஸ்பிரிங் மாட்டும் இடம், பிரேக் பைப், சில்லின் உள்பக்கம் மூன்றையும் பார்த்துவிட்டு வரலாம்.