தாய்லாந்து மனைவி, சின்னப் பிள்ளையோடு பக்கத்து நாடுகளுக்குப் போவது எப்படி

நான் குடவாசல் பக்கம், மனைவி வடகிழக்குத் தாய்லாந்தின் உடோன் தானிக்காரி, மகளுக்கு நாலு வயது. வருஷத்துக்கு ஒருமுறை மாமியார் வீட்டுக்குப் போகிறோம், அவ்வளவு தூரம் போய்விட்டு அப்படியே திரும்புவானேன் என்று லாவோஸோ மலேசியாவோ ஒரு எட்டு பார்த்துவிட்டுத்தான் வருவோம். சிங்கப்பூரிலும் பாங்காக்கிலும் வேலைக்குப் போய் அங்கேயே கல்யாணம் முடித்த நம் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்கிறார்கள், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

டிக்கெட் போடுவதற்கு முன்னால் மூன்று பாஸ்போர்ட்டையும் மேஜைமேல் எடுத்து வையுங்கள். மூன்றிலும் ஆறு மாதத்துக்கு மேல் காலம் இருக்கிறதா, காலிப் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் யாருக்கு விசா வேண்டும் என்று பாருங்கள். அந்த ஒருவர் பெரும்பாலும் நீங்களாகத்தான் இருப்பீர்கள். தாய்லாந்து பாஸ்போர்ட் இருந்தால் லாவோஸ், வியட்நாம், மலேசியா, சிங்கப்பூர் நான்குக்கும் விசா இல்லாமலே 30 நாள் போகலாம். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு லாவோஸில் எல்லையிலேயே விசா வாங்கலாம், வியட்நாமுக்கு முன்கூட்டியே இ-விசா, சிங்கப்பூருக்கு ஏஜெண்ட் வழியாக விசா. மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் நமக்கும் 30 நாள் வரை விசா கேட்பதில்லை. இந்த விதிகள் வருஷத்துக்கு வருஷம் மாறுகின்றன, ஆகவே கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பும், கிளம்பும் வாரத்திலும் அந்தந்த நாட்டுக் குடிநுழைவுத் துறையின் பக்கத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். மனைவியும் பிள்ளையும் உள்ளே போய்விட, நீங்கள் மட்டும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்பதைப் போல வேதனை வேறில்லை, பிள்ளை அழுதால் நீங்கள் தூக்கவும் முடியாது.

பிள்ளையின் குடியுரிமையைப் பற்றி நன்றாக யோசித்து ஒருமுறை முடிவெடுங்கள். அம்மா தாய்லாந்துக்காரர் என்பதால் பிள்ளைக்கு அந்த நாட்டுக் குடியுரிமை பிறப்பிலேயே வந்துவிடுகிறது. ஆனால் இரண்டு நாட்டுப் பாஸ்போர்ட்டையும் வைத்துக்கொள்ள இந்தியச் சட்டம் இடம் தராது. நாங்கள் மகளுக்குத் தாய்லாந்து பாஸ்போர்ட் எடுத்து, இந்தியாவுக்கு ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள்) அட்டை வாங்கினோம். பெற்றோரில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்தால் பிள்ளைக்கு அது கிடைக்கும். மனைவிக்கோ கல்யாணம் பதிவாகி இரண்டு வருஷம் தொடர்ந்து சேர்ந்திருந்த பிறகுதான் விண்ணப்பிக்கலாம். அட்டை கைக்கு வந்துவிட்டால் ஆயுள் முழுக்க இந்தியாவுக்குள் வந்து போக விசா வேண்டாம் (ஆனால் அவர் பெயரில் ஒரு மா நஞ்சை கூட வாங்க முடியாது, அதை வீட்டுப் பெரியவர்களிடம் முதலிலேயே சொல்லி வைப்பது நல்லது).

அடுத்தது பெயர். நமக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தது, மனைவிக்கு நீளமான தாய்லாந்துக் குடும்பப் பெயர், மகளுக்கும் அதே பெயரைப் பதிந்திருந்தோம். ஒரு விமான நிலையத்தில் மகளைத் தூக்கிக்கொண்டு நான் முன்னால் போய்விட்டேன், மனைவி பின் வரிசையில். இந்தக் குழந்தை உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டார்கள். அப்பா என்றேன். பெயரில் எங்கேயும் என் பெயர் இல்லையே என்றார்கள், பிறப்புச் சான்றிதழோ மனைவியின் பையில். ஒரு மணி நேரம் ஆயிற்று, மகள் என் தோளிலேயே தூங்கிப்போனாள். அவர்கள் கேட்டதில் தப்பில்லை, பிள்ளை கடத்தலைத் தடுக்கத்தான் கேட்கிறார்கள். அதற்கு அப்புறம் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போது என் பெயரையும் அப்பா பெயரையும் இரண்டு கட்டத்தில் பிரித்துப் போட்டுக்கொண்டேன். தாய்லாந்திலும் 1913-இல் மன்னர் வஜிராவுத் சட்டம் போடும்வரை மக்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாதாம், மாமியார் வீட்டில் என் இனிஷியலை விளக்கியபோது இதைச் சொல்லித்தான் புரியவைத்தேன்.

எப்போதும் ஒரு பிளாஸ்டிக் உறையில் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும், கல்யாணப் பதிவுச் சான்றிதழும், இரண்டுக்கும் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பும் இருக்கட்டும். தாய்லாந்து ஆவணங்களை அந்நாட்டு வெளியுறவு அமைச்சகத்தின் தூதரகத் துறையில் கொடுத்து முத்திரை வாங்கிக்கொள்ளலாம். அவர்கள் ஆவணங்களில் பௌத்த ஆண்டு இருக்கும், 543-ஐக் கழித்தால்தான் நம் கணக்கு: 2564 என்றால் 2021. படிவம் நிரப்பும் அவசரத்தில் இதில்தான் தப்பு வருகிறது. மனைவி மட்டும் பிள்ளையோடு முன்னால் போவதாக இருந்தால் அப்பாவின் சம்மதக் கடிதம் வேண்டும். தாய்லாந்தில் இருந்தால் அங்கே அம்போ எனப்படும் வட்ட அலுவலகத்தில் எழுதித் தருவார்கள், இங்கே இருந்தால் நோட்டரி கையெழுத்தோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

தாய்லாந்திலேயே குடியிருப்பவர்களுக்கு ஒரு விஷயம். மனைவியை வைத்து வருஷாந்திர விசா நீட்டிப்பில் இருந்தால், வெளியே போவதற்கு முன் மறுநுழைவு அனுமதி வாங்காமல் எல்லையைத் தாண்டாதீர்கள். ஒருமுறைக்கு 1,000 பாட், பலமுறைக்கு 3,800 பாட். இதை மறந்தால் அந்த நீட்டிப்பு அங்கேயே செத்தது, வங்கியில் 4 லட்சம் பாட் காட்டி மறுபடி முதலிலிருந்து வரவேண்டும்.

எப்போது போவது? நம் பக்கம் சம்பா அறுவடை முடிந்து பொங்கலும் ஆனபின் கை ஓய்வாக இருக்கும், அங்கேயும் ஜனவரியில் வெயில் குறைவு, மழை இல்லை. பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல்வரை வட தாய்லாந்திலும் வட லாவோஸிலும் வயலையும் காட்டையும் எரிக்கும் புகை, சின்னப் பிள்ளையின் நெஞ்சுக்கு ஆகாது. பள்ளி லீவுக்குத்தான் போக முடியும் என்றால் ஏப்ரலில் தெற்கே பினாங்கு பக்கம் போங்கள். ஏப்ரல் 13 முதல் 15 வரை அவர்கள் புத்தாண்டான சொங்கிரான், நம் சித்திரை முதல் நாளோடு சேர்ந்தே வரும். மாமியார் வீட்டில் தண்ணீர் ஊற்றி ஆசீர்வாதம் வாங்க அருமையான நாள், ஆனால் அந்த வாரம் சாலையிலும் எல்லையிலும் கூட்டம் தாங்காது, மாமியார் ஊரிலேயே இருந்துவிடுங்கள்.

முதல் பயணத்துக்கு லாவோஸைத்தான் சொல்வேன். பாங்காக்கில் இரவு ரயில் ஏறினால் காலையில் எல்லை ஊரான நோங் காய். தூங்கும் பெட்டியில் கீழ்ப் படுக்கைதான் அகலம், அம்மாவும் பிள்ளையும் அதில் படுக்கலாம், ஏசி குளிர் பயங்கரம் என்பதால் ஒரு போர்வை கூடுதலாக வையுங்கள். நோங் காயில் மேகோங் ஆற்றின்மேல் 1994-இல் திறந்த நட்புப் பாலம். நடந்து போக விடமாட்டார்கள், பஸ் உண்டு. தாய்லாந்துக்காரர்கள் எல்லை அனுமதிச் சீட்டிலும் தாண்டலாம் என்று சொல்வார்கள், குடும்பமாக ஊர் சுற்றப் போகும்போது அது வேண்டாம், மூன்று பேரும் பாஸ்போர்ட்டிலேயே போங்கள். நீங்கள் விசாவுக்குப் புகைப்படமும் கசங்காத டாலர் நோட்டும் கொண்டுபோங்கள், ஸ்டிக்கர் ஒரு முழுப் பக்கத்தை எடுத்துக்கொள்ளும். நீங்கள் விசா வரிசையில் நிற்கும் நேரம் பிள்ளைக்குப் பசிக்கும், தின்பண்டம் மனைவியின் பையில் இருக்கட்டும்.

லாவோஸ் தலைநகர் வியன்டியனில் இறங்கியதும் மனைவியை முன்னால் விடுங்கள். உடோன், கோன் கேன் பக்கத்து இசான் (வடகிழக்குத் தாய்லாந்து) பேச்சும் லாவோ மொழியும் கிட்டத்தட்ட ஒன்று, என் மனைவி அங்கே பேரம் பேசுவதைப் பார்த்தால் நம் கும்பகோணத்து மார்க்கெட்டில் என் அம்மா பேசுவது போலவே இருக்கும். 2021 டிசம்பரில் திறந்த ரயிலில் லுவாங் பிரபாங்குக்கு இரண்டு மணி நேரம்தான், மலைப் பாதையில் வேனில் பிள்ளையைக் குலுக்கிக்கொண்டு போகத் தேவையில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை, ஸ்டேஷனில் ஸ்பிரே டப்பாக்களைப் பிடுங்கிக்கொள்வார்கள், கொசுவுக்கு களிம்பாக எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு உடம்பு ரொம்ப முடியாமல் போனால் வியன்டியன்காரர்களே உடோன் தானி ஆஸ்பத்திரிக்குத்தான் வருகிறார்கள், நீங்களும் அதையே செய்யுங்கள். ஆனால் பாலம் இரவில் மூடிவிடும் என்பதால் காய்ச்சல் ஏறுகிறது என்று தெரிந்தால் சாயங்காலமே முடிவெடுங்கள்.

மலேசியாவில் நிலைமை தலைகீழ், அங்கே தமிழ் செல்லும் என்பதால் நீங்கள்தான் முன்னால். தெற்குத் தாய்லாந்தின் ஹாட் யாயிலிருந்து ரயிலில் பாடாங் பெசார் வந்தால் இரண்டு நாட்டுக் குடிநுழைவும் ஒரே ஸ்டேஷனில், பிள்ளையோடு போக இதைவிடச் சுலபமான எல்லை நான் பார்த்ததில்லை. மலேசியாவின் மின் வருகை அட்டையைக் கைக்குழந்தை உட்பட மூன்று பேருக்கும் தனித்தனியாக, போவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். திரும்பித் தாய்லாந்துக்குள் வரும்போது அவர்கள் நாட்டு மின் அட்டை உங்களுக்கு மட்டும் வேண்டும். மலேசியாவில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும், அடுத்த ரயிலைத் தவறவிடாதீர்கள். பட்டர்வொர்த்தில் படகு ஏறினால் பினாங்கு, அங்கே லிட்டில் இந்தியாவில் இட்லியைப் பார்த்ததும் மகள் சாப்பிட்ட சாப்பாட்டை இன்னும் மறக்க முடியவில்லை. வழியில் தாண்டி வரும் கெடாதான் ராஜேந்திர சோழனின் கடாரம், ஒருநாள் கூடுதலாக இருந்தால் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போங்கள். கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேர் விமானம் இருப்பதால் ஊர் திரும்பவும் இதுவே வசதி.

கம்போடியாவை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். 2025 ஜூலையில் தாய்லாந்துக்கும் அதற்கும் சண்டை மூண்டது, தரை எல்லைகள் மூடப்பட்டன. அங்கோர் கோயில்கள் எங்கும் போய்விடாது. மனைவி மனம் சங்கடப்படும் இடத்துக்குப் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு போக வேண்டாம்.

சாப்பாட்டுக்கு மெனக்கெட வேண்டாம். வெள்ளைச் சோறும் முட்டைப் பொரியலும் எல்லா ஊரிலும் கிடைக்கும், காலையில் ஜோக் என்று குழைந்த அரிசிக் கஞ்சி. 'மாய் பெட்' என்றால் காரம் வேண்டாம். நான் ஒரு டப்பா பருப்புப்பொடி எடுத்துப்போவேன், அது போதும். மகள் அம்மாவைப் பெற்றவளை 'யாய்' என்று கூப்பிடுகிறாள், பழந்தமிழில் யாய் என்றால் தாய். மாமியாரிடம் இதைச் சொன்னபோது அவருக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

மனைவி இங்கே இருக்கும்போது இலங்கை போக ஆசைப்பட்டால், நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் உண்டு, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நிறுத்திவிடுவார்கள். அவரிடம் ஓசிஐ இல்லாமல் ஒருமுறை நுழைவு விசா மட்டும் இருந்தால் போனவர் திரும்ப முடியாது. இ-விசாவும் குறிப்பிட்ட நுழைவிடங்கள் வழியாக நுழைய மட்டும்தான் செல்லும். இரண்டையும் சரிபார்த்த பிறகே கப்பல் டிக்கெட்.

திரும்பி வரும்போது கவுண்டரில் மனைவியின் பாஸ்போர்ட்டையும் பிள்ளையின் பாஸ்போர்ட்டையும் ஓசிஐ அட்டைகளோடு சேர்த்தே நீட்டுங்கள், அட்டை பெட்டிக்குள் போய்விட்டால் இந்திய விசா எங்கே என்று விமானத்தில் ஏற்ற மறுப்பார்கள். பிள்ளையின் தாய்லாந்து பாஸ்போர்ட் ஐந்து வருஷத்துக்குத்தான். புதியது வாங்கியதும் மூன்று மாதத்துக்குள் அதன் நகலையும் புதுப் படத்தையும் ஓசிஐ இணையதளத்தில் ஏற்றிவிடுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை.