ஆக்சிஜன் சென்சாரை வீட்டிலேயே மாற்றிய அனுபவம்

என் பழைய காரில் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு அணையாமல் எரிந்ததோடு பெட்ரோலும் வழக்கத்தைவிட அதிகமாகச் செலவாகவே, கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரைக் காரில் இணைத்துப் பார்த்தேன். பி0135 என்ற குறியீடு வந்தது. புகைக்குழாயில் வெளியேறும் புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் கருவிதான் ஆக்சிஜன் சென்சார்; எஞ்சினை அடுத்துள்ள முதல் சென்சாரைச் சூடாக்கும் ஹீட்டரின் மின்சுற்றில் கோளாறு என்பது அதன் பொருள். இதைக் கண்டதும் புதிய சென்சார் வாங்க ஓடுவது அவசரம்; ஃபியூஸ் போயிருந்தாலும் இதே குறியீடு வரலாம். ஃபியூஸ் நன்றாகவே இருந்தது. கனெக்டரைக் கழற்றி, ஒரே நிறத்தில் இருந்த இரண்டு ஹீட்டர் ஒயர்களுக்கு இடையே மல்டிமீட்டரை வைத்தபோது, சில ஓம்கள் காட்ட வேண்டிய இடத்தில் அளவே வரவில்லை. ஹீட்டர் அறுந்துபோயிருந்தது.

கழற்றுவதுதான் பெரும்பாடாக இருந்தது. ஆண்டுக்கணக்கில் சூட்டில் வெந்து துருவேறிய மரை அசைந்தே கொடுக்கவில்லை. துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்து ஓர் இரவு விட்டுவைத்து, மறுநாள் எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்தி, புகைக்குழாய் இளஞ்சூட்டில் இருக்கும்போதே, ஒயர் நுழையப் பக்கவாட்டில் பிளவுள்ள 22 மி.மீ. சாக்கெட்டை மாட்டி அழுத்தினேன். ‘டக்’கென்ற ஓசையுடன் பிடி விட்டது; ஒரு கணம் மரையே முறிந்துவிட்டதோ என்று பதறிப்போனேன்.

புதிய சென்சாரின் மரையில், அது சூட்டில் இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் தடுக்கும் பசை ஏற்கெனவே பூசப்பட்டிருந்தது. அது நுனியில் படாதபடி, முதலில் கையாலேயே திருகி, பிறகுதான் சாக்கெட்டால் இறுக்கினேன். குறியீட்டை அழித்து எஞ்சினை ஓட்டியபோது, சென்சாரின் மின்னழுத்தம் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே விறுவிறுவென்று ஏறி இறங்கியது; சென்சார் சரியாக வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். விளக்கு அதன்பின் எரியவில்லை.