கேசியோவின் பழைய தொழில்முறை சிந்தசைசர்களைத் தேடிக் கண்டெடுப்பது எப்படி?

கேசியோ என்றதும் நினைவுக்கு வருவது கால்குலேட்டரும் கைக்கடிகாரமும், குழந்தைகள் விரல் பழகும் வீட்டுக் கீபோர்டும்தான். அதனால்தான் அந்தப் பெயர் பொறித்த ஒரு பழைய கருவி கண்ணில் பட்டால் அதைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் பலரும் கடந்துவிடுகிறார்கள். 1980-இல் கேசியோடோன் 201 என்ற கருவியோடு இசைத் துறைக்கு வந்த இந்த ஜப்பானிய நிறுவனம், 1984-க்கும் 1988-க்கும் இடைப்பட்ட சில ஆண்டுகளில், இசைமேதை இசாவோ டொமிட்டாவுடன் இணைந்து மேற்கொண்ட காஸ்மோ சிந்தசைசர் (ஒலியை மின்னணு முறையில் உருவாக்கும் கருவி) திட்டத்தின் தொடர்ச்சியாக, மேடைக்கும் ஒலிப்பதிவுக் கூடத்துக்கும் உரிய ஒரு முழு வரிசையையே வெளியிட்டது. அந்த வரிசையை இனங்காணவும், வாங்குமுன் சோதிக்கவும், வாங்கியபின் அதன் உண்மையான குரலைக் கேட்கவும் வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது மாதிரி எண்ணின் எழுத்துகள். எம்.டி., சி.டி., பி.டி. என்று தொடங்குபவை பெரும்பாலும் வீட்டுக் கீபோர்டுகள். இரண்டாம் எழுத்து ‘இசட்’ (Z) என்றிருந்தால் நின்று பார்க்க வேண்டும். சி.இசட். என்பது சிந்தசைசர் வரிசை, எஃப்.இசட். என்பது சாம்ப்ளர் (வெளி ஒலிகளைப் பதிந்து சுரங்களாக வாசிக்க உதவும் கருவி), ஆர்.இசட்.-1 என்பது சொந்த ஒலிகளைப் பதிந்துகொள்ளக்கூடிய டிரம் மெஷின், வி.இசட். என்பது அக்காலத்தில் கடைசியாக வந்த சிந்தசைசர் வரிசை.

இந்த விதிக்கு இரு திசையிலும் விலக்குகள் உண்டு. சி.இசட்.-230எஸ் என்ற மாதிரி பெயரில் சி.இசட். குடும்பத்தைச் சேர்ந்ததாயினும், ஒலிபெருக்கியும் தாளப் பகுதியும் கொண்ட வீட்டுக் கருவியாகவே வடிவமைக்கப்பட்டது. அதன் முகப்பிலிருந்து ஒலியைத் திருத்த வழியில்லை. மாறாக எச்.டி.-6000 என்ற கருவி தானியங்கித் துணைத் தாளங்களுடன் வீட்டுக் கீபோர்டு வேடத்தில் இருந்தாலும், உள்ளே டிஜிட்டல் அலைவடிவங்களை அனலாக் ஃபில்டர் (ஒலியின் கூர்மையைக் கூட்டிக் குறைக்கும் சுற்று) வழியே அனுப்பும் முறையான சிந்தசைசர் ஒளிந்திருக்கிறது. என்னைக் கேட்டால், பெயரை மட்டும் பார்த்து ஒதுக்கப்படும் கருவிகளில் தேடுவோருக்கு மிகுந்த பலன் தருவது இதுதான். இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும்: எஃப்.இசட்., வி.இசட். வரிசைக் கருவிகள் ஜெர்மானிய நிறுவனமான ஹோனரின் பெயரிலும் விற்கப்பட்டன. ஆகவே கேசியோ என்று மட்டும் தேடுபவர் கண்ணில் அவை படாமலே போகும்.

எழுத்துகள் அழிந்துபோன கருவியாக இருந்தால் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். வட்ட வடிவில் ஐந்து துளைகள் கொண்ட மிடி (இசைக்கருவிகளையும் கணினியையும் இணைக்கும் முறை) இணைப்பிகள் இருந்தால் அது மேற்கொண்டு ஆராயத் தக்க கருவி. சிறு கட்டைகள் கொண்ட சி.இசட்.-101-இல் தோள்பட்டி மாட்டுவதற்கான குமிழ்களும் இருக்கும்; கிட்டார் போல் தொங்கவிட்டு வாசிக்கட்டும் என்ற எண்ணத்தில் வைத்தது.

எந்த மாதிரியில் தொடங்குவது? 1984-இல் வந்த சி.இசட்.-101-உம், அதே உள்ளமைப்பை முழு அளவுக் கட்டைகளோடு தரும் சி.இசட்.-1000-உம் 49 கட்டைகள் கொண்டவை. இவற்றில் ஒரே நேரத்தில் எட்டுச் சுரங்கள் ஒலிக்கும். ஒரு சுரத்துக்கு இரண்டு ஒலி வரிசைகளையும் (ஒலியை உருவாக்கும் தனித்தனிப் பாதைகள்) பயன்படுத்தினால் நான்காகக் குறையும். 61 கட்டைகள் கொண்ட சி.இசட்.-5000-இல் இந்த எண்ணிக்கை இரு மடங்கு; கூடவே ஒலியைத் தடிமனாக்கும் கோரஸ் விளைவும், வாசித்ததைப் பதிந்து திரும்ப இசைக்கும் எட்டுத் தட சீக்வென்சரும் உண்டு. சீக்வென்சர் தேவையில்லை என்பவருக்கு சி.இசட்.-3000 போதும். விரலின் விசைக்கேற்ப ஒலி மாறவேண்டும் என்றால் 1986-இல் வந்த சி.இசட்.-1 ஒன்றே வழி. மற்றவற்றில் மென்மையாக அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் ஒரே ஒலிதான். பரவலாகப் பேசப்படுவது சி.இசட்.-101 என்றாலும், இரு கைகளாலும் வாசிக்கப் பழகியவர் அதன் சிறு கட்டைகளோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை, அவருக்கு சி.இசட்.-1000 அல்லது 3000 பொருத்தம். முடிவெடுக்குமுன் ஒலியைக் கேட்டுப் பார்க்க விரும்புவோர், ஆர்டூரியா நிறுவனத்தின் சி.இசட். வி என்ற மென்பொருளைக் கணினியில் இயக்கிப் பார்க்கலாம். அதில் கற்கும் அடிப்படை முறை கருவியிலும் பயன்படும்.

கருவியை நேரில் பார்க்கும்போது முதல் வேலை, பேட்டரி அறையைத் திறப்பது. சி.இசட்.-101 ஆறு பெரிய டி வகை பேட்டரிகளில் இயங்கும். அடாப்டரைக் கழற்றிய பின் நினைவகத்தில் உள்ள ஒலிகளைக் காப்பதும் அவைதான். ஆண்டுக்கணக்கில் உள்ளேயே விடப்பட்ட பேட்டரி கசிந்திருந்தால், பச்சையோ வெள்ளையோ படிந்த பூஞ்சணம் போன்ற உப்பு தகடுகளில் தெரியும். தகட்டோடு நின்றிருந்தால் சுத்தம் செய்துவிடலாம். மின்சுற்றுப் பலகை வரை ஓடியிருந்தால் வேறு கருவியைத் தேடுவது நல்லது. அடாப்டர் 9 வோல்ட், அதன் நடுமுனை எதிர்மின்முனை. இன்று எளிதாகக் கிடைக்கும் அடாப்டர்கள் பலவற்றில் இது தலைகீழாக இருப்பதால், கருவியில் அச்சிட்டுள்ள குறியையும் அடாப்டரின் குறியையும் ஒப்பிடாமல் செருகக் கூடாது. நேரடியாக மின்சாரத்தில் இயங்கும் பெரிய மாதிரிகளில், ஜப்பானுக்குள் விற்பதற்காகத் தயாரானவை 100 வோல்ட்டுக்கு உரியவை என்பதையும் கவனிக்க வேண்டும்.

அடுத்து, எல்லாக் கட்டைகளையும் ஒவ்வொன்றாக அழுத்துங்கள். சில ஒலிக்காவிட்டால் பெரும்பாலும் கட்டைக்கு அடியிலுள்ள ரப்பர் தொடுமுனைகளில் அழுக்கு சேர்ந்திருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தால் சரியாகிவிடும். ஒடிந்த கட்டை அப்படியல்ல, மாற்றுக் கட்டைக்காக இன்னொரு பழுதான கருவியைத்தான் தேட வேண்டியிருக்கும். வி.இசட்.-1-இன் எல்.சி.டி. திரையில் பின்னொளி மங்கியிருப்பது இயல்பு, அதைக் கண்டு பின்வாங்க வேண்டாம். 16 பிட் தரத்தில் ஒலியைப் பதியும் எஃப்.இசட்.-1 சாம்ப்ளரில், மின்சாரத்தை நிறுத்தியதும் பதிந்த ஒலிகள் அனைத்தும் மறைந்துவிடும் என்பதால் அதன் 3.5 அங்குல ஃபிளாப்பி டிரைவ் இயங்குகிறதா என்பதே முதல் கேள்வி. இயங்காவிட்டால் அதற்கு மாற்றான ஃபிளாப்பி எமுலேட்டர் பொருத்த ஆகும் செலவையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

இனி, கருவி கையில் வந்தபின் செய்ய வேண்டியது. நிறுவனம் அமைத்துத் தந்த ஒலிகளை வைத்து சி.இசட். வரிசையை எடைபோட்டுவிடக் கூடாது. அவற்றில் பல, வீட்டுக் கீபோர்டின் சாயலை விடாதவை. ஒலியை நீங்களே அமைக்கும்போதுதான் கருவி திறந்துகொள்கிறது. இதில் உள்ள முறைக்கு ஃபேஸ் டிஸ்டார்ஷன் என்று பெயர். நினைவகத்தில் உள்ள கொசைன் அலையைச் சீரான வேகத்தில் படிக்காமல், ஒவ்வொரு சுழற்சிக்குள்ளும் ஓரிடத்தில் விரைவாகவும் ஓரிடத்தில் மெதுவாகவும் படித்தால் அலை வளைந்து ரம்பப்பல் வடிவமாகவோ சதுர வடிவமாகவோ மாறும். வளைவு கூடக் கூட ஒலி பிரகாசமாகும். குறையக் குறைய மீண்டும் தூய அலையாகும். அந்த வளைவின் அளவை ஆள்வது டி.சி.டபிள்யூ. என்ற பகுதி. சுருதிக்கு டி.சி.ஓ., ஒலியளவுக்கு டி.சி.ஏ. என மூன்று பகுதிகளும் அனலாக் சிந்தசைசரின் ஆஸிலேட்டர், ஃபில்டர், ஆம்ப்ளிஃபயர் வரிசையிலேயே நிற்பதால், 1983-இல் வந்த யமஹா டி.எக்ஸ்.7-இன் எஃப்.எம். (ஓர் அலையால் இன்னோர் அலையை மாற்றும்) முறையில் திணறியவர்கள்கூட இங்கே இயல்பாகத் தொடங்க முடியும்.

ஒரு சிறு பயிற்சி. ஒலி வரிசையில் 1-ஐ மட்டும் தேர்ந்தெடுத்து, முதல் அலைவடிவமாக ரம்பப்பல்லை வையுங்கள், இரண்டாம் அலைவடிவம் வேண்டாம். டி.சி.ஏ. என்வலப்பில் (நேரம் செல்லச் செல்ல அளவு எப்படி மாறவேண்டும் என்று வகுக்கும் படிகள்) முதல் படிக்கு வேகம் 99, அளவு 99 என்று கொடுத்து அங்கே சஸ்டெயின் (கட்டையை விடும்வரை அந்த அளவிலேயே நிற்பது) குறியிடுங்கள். இரண்டாம் படிக்கு வேகம் 60, அளவு 0, முடிவு. டி.சி.டபிள்யூ. என்வலப்பில் முதல் படி அதேபோல் 99, 99. இரண்டாம் படி வேகம் 50, அளவு 0, முடிவு. இதில் சஸ்டெயின் வேண்டாம். இப்போது தாழ்ந்த சுரம் ஒன்றை அழுத்திப் பிடித்தால், கூர்மையாகத் தொடங்கும் ஒலி மெல்லத் தணிந்து, கட்டையை விடாமலே இருந்தாலும் கூர்மை முழுதும் வடிந்த தூய அலையாக நிற்கும். வேறெதையும் தொடாமல் அலைவடிவத்தை மட்டும் ‘ரெசனன்ஸ் 1’ என்று மாற்றுங்கள். ஃபில்டரே இல்லாத கருவியில், ஃபில்டரின் ரெசனன்ஸ் (ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணைத் தூக்கிக்காட்டும் தன்மை) மேலிருந்து கீழே சரிந்து வருவது போன்ற அந்த ஓசை காதில் விழும். மேற்கண்ட ஒலியில் வரிசையை 1+1' (முதல் வரிசையின் இரு பிரதிகள்) என்று மாற்றி டிட்யூன் (சுருதி விலக்கம்) அளவைச் சற்றே கூட்டினால் தடிமனான பாஸ் கிடைக்கும். அத்துடன் ரிங் மாடுலேஷனை (இரு ஒலிகளைப் பெருக்கிப் புது ஒலி தரும் முறை) இயக்கி இரண்டாம் வரிசையின் சுருதியைப் பல சுரங்கள் தள்ளி வைத்தால் உலோகமணி ஓசைகள் பிறக்கும்.

என்வலப்பில் எட்டுப் படிகள் இருப்பதை அலட்சியம் செய்ய வேண்டாம். அக்காலத்துக் கருவிகள் பலவற்றில் நான்கு கட்டங்களே இருந்தன. டி.சி.ஏ.-வில் ஏற்றம், இறக்கம், சற்றுக் குறைந்த ஏற்றம், மீண்டும் இறக்கம் என்று படிகளை அமைத்தால், எதிரொலிக் கருவி எதுவும் இல்லாமலே ஒவ்வொரு சுரமும் தன் எதிரொலியோடு வரும்.

சி.இசட்.-101-ஐ மிடி வழியாக மோனோ முறையில் வைத்தால், நான்கு அடுத்தடுத்த சேனல்களில் நான்கு வெவ்வேறு ஒலிகளை, ஒவ்வொன்றிலும் ஒரு சுரமாக, ஒரே நேரத்தில் வாசிக்கும். கணினியில் பாஸ், மெலடி, இரண்டு துணைக் குரல்கள் என்று எழுதி அனுப்பிப் பாருங்கள். இவ்வளவு சிறிய பெட்டியா என்று தோன்றும். அமைத்த ஒலிகளை மிடியின் சிஸ்டம் எக்ஸ்குளூசிவ் (அந்தந்தக் கருவிக்கே உரிய தரவு) செய்திகளாகக் கணினிக்கு அனுப்பிச் சேமித்துவிடுங்கள். கருவியில் உள்ளவை 16 இடங்கள்தான், ஆர்.ஏ.-3 என்ற நினைவகக் கார்ட்ரிட்ஜ் கிடைத்தால் இன்னும் 16. திரும்ப ஏற்றும்போது நினைவகப் பாதுகாப்பு விசையை விலக்கியிருக்க வேண்டும்.

1988-இன் வி.இசட்.-1-ஐ இதற்குப் பிறகே அணுகுங்கள். எட்டு ஆஸிலேட்டர் பகுதிகளை ஒன்றை ஒன்று வளைக்கும்படி இணைக்க இடந்தரும் இக்கருவி, சி.இசட். போல் ஒரே மாலையில் பிடிபடாது. ஆனால் விசையுணர்வோடும் 16 சுரங்களோடும் வருவதால் வாசிப்பவருக்கு அது பெரிய கருவி. மேசையில் இடமில்லாதவர் அதன் ரேக் (கட்டைகளின்றிச் சட்டத்தில் பொருத்தும்) வடிவங்களான வி.இசட்.-10எம், வி.இசட்.-8எம் ஆகியவற்றைத் தேடலாம். கட்டைகள் இல்லாததால் ஒடிவதற்கும் அவற்றில் அதிகம் இல்லை.