மேம்பாலத்தில் வழுக்கிய செயின்

மேம்பாலத்தில் சைக்கிளை எழுந்து நின்று மிதித்தால் 'டக்'கென்று செயின் வழுக்கியது. பின்சக்கரத்தை இழுத்து இறுக்கியும் தீரவில்லை. காரணம் தொய்வு அல்ல, தேய்மானம். தேயத் தேயச் செயின் நீளும்.

புதுச் செயினில் ஒரு பின்னின் (கண்ணிகளைக் கோக்கும் சின்ன ஆணி) நடுவிலிருந்து 24 கண்ணி தள்ளியிருக்கும் பின்னின் நடுவரை 304.8 மி.மீ. இருக்கும். ஸ்கேல் வைத்துப் பார்த்தால் என்னுடையது 308! 306-ஐத் தாண்டியதுமே மாற்றியிருந்தால் ஃப்ரீவீல் (பின்சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரம்) பிழைத்திருக்கும். அதன் பற்கள் கொக்கி மாதிரி ஒரு பக்கம் வளைந்திருந்தன. அதில் புதுச் செயின் உட்காரவே உட்காராது, இன்னும் வழுக்கும். இரண்டையும் சேர்த்தே மாற்றினேன்.

செயினின் இரு முனைகளையும் இணைக்கும் லாக் கிளிப்பின் திறந்த வாய் செயின் ஓடும் திசைக்கு எதிர்ப்புறம் இருக்கட்டும். பெடலைச் சுற்றிப் பார்த்து, மிக இறுகும் இடத்திலும் செயின் மேலும் கீழும் அரை அங்குலம் ஆட வேண்டும். ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு எண்ணெய், பிறகு வெளிப்புறத்தைத் துடைக்கணும். கிரீஸ் வேண்டவே வேண்டாம், மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.