பழைய அபராத ரசீதும் கனடா பிஆரும்: என் அனுபவம்

கனடாவில் நிரந்தரமாக வசிக்கும் உரிமைக்கு (பிஆர்) விண்ணப்பித்தேன். போலீஸ் சான்றிதழ் சுத்தம். ஆனாலும் 2011-ல் அடிதடி வழக்கில் 500 ரூபாய் அபராதம் கட்டியதை விண்ணப்பத்தில் எழுதினேன்; மறைத்தால் 5 ஆண்டுத் தடை. விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது.

மன்னிப்புக் கடிதம், நோட்டரி பிரமாணப் பத்திரம், இன்னொரு போலீஸ் சான்றிதழ் என்று மூன்று வாரம் வீண்.

இங்கே அது சில்லறை வழக்கு. கனடாவோ தன் சட்டத்தில் இணையான குற்றம் எது என்றுதான் பார்க்கிறது. அங்கே சாதாரணத் தாக்குதலுக்கு இலேசான முறையிலும் வழக்குப் போடலாம், கடுமையான முறையிலும் போடலாம்; குடியேற்றத்துக்குக் கடுமையான முறையாகவே கணக்கிடுகிறார்கள். அந்த ஒரு குற்றம் மட்டும் என்றால், தண்டனை முடிந்து 10 ஆண்டு கழித்து, அந்தக் குற்றத்தால் கனடாவுக்குள் நுழைய இருக்கும் தடை விலகலாம். பலர் கவனிக்காதது: கணக்கு தொடங்குவது தீர்ப்பு நாளில் அல்ல, அபராதம் கட்டி முடித்த நாளில்.

கோர்ட்டில் நகல் மனு போட்டேன். ரசீதில் எழுத்தெல்லாம் மங்கல். ரப்பர் ஸ்டாம்ப் தேதி மட்டும் பளிச். அதையும் தீர்ப்பு நகலையும் மொழிபெயர்ப்போடு அனுப்பிய பிறகுதான் ஃபைல் நகர்ந்தது. அப்பாடா!