பரவிய மார்பகப் புற்றுநோய்க்கு மருந்தெடுக்கும் காலத்தில்: கொப்பி, காய்ச்சல், குளிசை, நோ

மார்பகப் புற்றுநோய் எலும்புக்கோ ஈரலுக்கோ நுரையீரலுக்கோ பரவிய பிறகு கொடுக்கும் மருந்து, நோயை அடக்கி வைப்பதற்கானது. அது வேலை செய்துகொண்டிருக்கும்வரை மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் தொடரும். "ஆறு கீமோ முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருப்போம்" என்ற கணக்கு இங்கே சரிவராது.

பக்கவிளைவைச் சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து, "பரவாயில்லை டொக்டர்" என்று சொல்லிவிட்டு வருகிறவர்கள் பலர். நடப்பது மறுவளம். அளவைக் குறைப்பதற்கென்றே படிகள் இருக்கின்றன. புற்றணுக்கள் பெருகுவதைத் தடுக்கும் குளிசைகளில், பல்போசிக்லிப் 125 மில்லிகிராமிலிருந்து 100, பிறகு 75. ரைபோசிக்லிப் 600, 400, 200. ஒரு படி இறங்கிய பலர் அதே மருந்தில் நீண்டகாலம் இருக்கிறார்கள். வாய் திறக்காமல் தாங்கி, கடைசியில் வீட்டில் தானாகவே குளிசையை விட்டுவிடுகிறவருக்குத்தான் நட்டம்.

கொப்பி

ஒரு 80 பக்கக் கொப்பி போதும். ஒவ்வொரு இரவும் ஐந்து விஷயம்: காய்ச்சல் எவ்வளவு, வயிற்றால் எத்தனை தடவை போனது, எத்தனை தடவை சத்தி, நோ 0 முதல் 10 வரை எத்தனை, பகலில் நோயாளி எத்தனை மணித்தியாலம் படுத்தே இருந்தார். முடியாமல்போன வேலையையும் எழுதுங்கள். "களைப்பு" என்றால் டொக்டருக்கு ஒன்றும் விளங்காது. "குளித்துவிட்டு வந்து அரைமணி நேரம் படுக்க வேண்டியிருந்தது" என்றால் விளங்கும்.

அமெரிக்காவில் பரவிய புற்றுநோய் உள்ள 766 பேரிடம் செய்த ஆய்வின் முடிவு 2017இல் வெளியானது. அறிகுறிகளைக் கிளினிக் நாட்களுக்கு இடையிலும் பதிந்து, மோசமானபோது தாதிக்குச் செய்தி போன குழுவில் இடைநிலை ஆயுள் (பாதிப்பேர் அதைவிடக் கூடுதலாக வாழ்ந்த காலம்) 31.2 மாதம், வழமையான பராமரிப்பில் 26 மாதம். இலங்கையில் அந்த வேலையைக் கொப்பியும் தொலைபேசியும்தான் செய்யவேண்டும். ஆகவே முதல் கிளினிக்கிலேயே, இரவிலும் எடுக்கக்கூடிய இலக்கம் ஒன்றைக் கேட்டுக் கொப்பியின் அட்டையில் எழுதுங்கள்.

மகரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலையிலோ வேறெங்கோ, பேசவேண்டியது பெரும்பாலும் சிங்களத்தில். மொழி பெயர்க்கப் பிள்ளை இல்லாத நாளிலும் மூன்று சொல் தெரிந்திருக்கட்டும்: காய்ச்சலுக்கு "உண", வயிற்றோட்டத்துக்கு "பாச்சனய", சத்திக்கு "வமனய". மருந்துப் பெட்டிகளைக் கையோடு கொண்டுபோங்கள்.

காய்ச்சலை வீட்டில் வைத்திருக்கக் கூடாது

கொழும்பில் காய்ச்சல் என்றால் முதலில் டெங்கு நினைவுக்கு வரும். பனடோலைக் கொடுத்து, மூன்றாம் நாள் இரத்தம் பார்ப்போம் என்று இருப்பது வீட்டு வழக்கம். கீமோ எடுப்பவருக்கு இந்த வழக்கம் உயிராபத்து. பல கீமோ மருந்துகளில், ஏற்றி 7 முதல் 14 நாட்களுக்குள் வெள்ளை அணுக்கள் மிகவும் இறங்கிவிடும். அப்போது வரும் கிருமித்தொற்று சில மணித்தியாலங்களில் உடம்பை வீழ்த்தலாம்.

வெப்பமானி 38 பாகை (100.4 பாரன்ஹைட்) காட்டினால் அந்த நேரமே வைத்தியசாலைக்குப் புறப்படுங்கள். காய்ச்சல் இல்லாமல் நடுங்கிக் குளிர்ந்தாலும் அப்படியே. அளந்து பார்க்காமல் பனடோல் போடாதீர்கள். வெப்பம் மறைந்துவிடும், கிருமி மறையாது. நடுஇரவென்றால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், கட்டணமில்லை. வாசலிலேயே முதல் வசனமாக "கீமோ போட்டு இன்று இத்தனையாம் நாள்" என்று சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் வரிசையில் இருத்திவிடுவார்கள். டெங்குக் காலத்தில் டைக்குளோபெனக், ஐபுபுரோபன் என்ற நோ மருந்துகள் இரண்டையும் தொடவே வேண்டாம்.

அணுக்கள் இறங்கியிருக்கும் நாட்களில் வல்லாரையைப் பச்சைச் சம்பலாக்காமல் வறையாகச் செய்யுங்கள். தெருவோரம் வெட்டி வைத்த அன்னாசியையும் மாங்காயையும் விடுங்கள்.

குளிசை

பல்போசிக்லிப், ரைபோசிக்லிப் இரண்டும் 21 நாள் எடுத்து 7 நாள் ஓய்வு. நாட்காட்டியில் ஓய்வு நாட்களை நிறமிட்டு வையுங்கள், மாறிப்போவது அங்கேதான். ஒரு வேளைக் குளிசையை மறந்தாலோ எடுத்தபின் சத்தி வந்தாலோ திரும்ப எடுக்கக் கூடாது, அடுத்ததை வழமையான நேரத்துக்கு எடுங்கள். இந்த மருந்துகளோடு ஜம்போலாவும் (பம்பளிமாஸ்) கிரேப்புரூட்டும் ஆகாது: மருந்தை உடைக்கும் நொதியைத் தடுத்து, இரத்தத்தில் மருந்தின் அளவை ஏற்றிவிடும். ரைபோசிக்லிப் எடுப்பவர் சத்திக்கு பார்மசியில் டொம்பெரிடோன் தானாக வாங்கவேண்டாம். இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்புத் தாளம் குழம்பலாம்.

கெப்சிடபீன் என்ற கீமோ குளிசையைச் சாப்பாடு முடிந்து 30 நிமிடத்துக்குள், தண்ணீரோடு எடுங்கள். "உடம்புக்குச் சத்து" என்று வாங்கும் விட்டமின்களில் போலிக் அமிலம் (folic acid) இருந்தால் இதன் பக்கவிளைவு கூடும். உள்ளங்கையும் பாதமும் சிவந்து எரிந்தால் 10 சதவீத யூரியா கிறீம் காலை மாலை பூசி, சுடுதண்ணீரையும் இறுக்கமான செருப்பையும் தவிருங்கள்; கொப்புளம் வந்தால் உடனே கேளுங்கள். பக்கிலிடாக்சல் என்ற கீமோ மருந்தால் விரல் மரத்தவர் சுடுசோற்றைக் கையால் பிசைந்தால் சூடு தெரியாமல் அவிந்துவிடும். கரண்டி பாவிக்கட்டும்.

வழமையைவிட நாளுக்கு நான்கு தடவை கூடுதலாகவோ, இரவில் எழும்பியோ வயிற்றால் போனால் கெப்சிடபீனை அன்றே நிறுத்திவிட்டு அழையுங்கள். கொதித்தாறிய ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு பைக்கற் ஜீவனி (உப்புச் சர்க்கரைத் தூள்) கரைத்து 24 மணித்தியாலத்துக்குள் முடியுங்கள். அபெமாசிக்லிப் (பல்போசிக்லிப் வகையைச் சேர்ந்த இன்னொரு குளிசை) எடுப்பவர் முதல் இளகலுக்கே, வயிற்றோட்டத்தை நிறுத்தும் லோபெரமைடு எடுக்கும்படி டொக்டர் சொல்லி வைத்திருப்பார். வீட்டில் இருப்பில் வையுங்கள். காய்ச்சலும் சேர்ந்திருந்தால் அதை நம்பி வீட்டில் இருக்காதீர்கள்.

வாய்ப்புண்ணுக்கு: ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா. சாப்பிட்ட ஒவ்வொரு முறையும், படுக்குமுன்னும் கொப்பளியுங்கள்.

களைப்பும் நோவும்

படுத்திருந்தால் களைப்புப் போகாது, கூடும். 2024இல் வெளியான ஓர் ஆய்வில், பரவிய மார்பகப் புற்றுநோயுள்ள 357 பேரில் ஒரு பாதியினர் ஒன்பது மாதத் திட்டத்தில் பயிற்றுநரோடு உடற்பயிற்சி செய்தார்கள், தொடக்கத்தில் வாரம் இரு தடவை. அவர்களுக்குக் களைப்பு குறைந்து வாழ்க்கைத் தரம் கூடியது. கடற்கரைப் பக்கம் வெயில் ஏறுமுன் பத்து நிமிட நடையில் தொடங்கலாம். எலும்புக்குப் பரவியிருந்தால் பாரம் தூக்கவும் குனிந்து முறுக்கவும் முன் கட்டாயம் கேளுங்கள். ஈஸ்ட்ரோஜன் ஹோர்மோனைக் குறைக்கும் லெட்ரோசோல் குளிசை தரும் காலை மூட்டுப் பிடிப்புக்கும் நடையே நல்ல மருந்து.

லெட்ரோசோலால் வரும் பிறப்புறுப்பு வறட்சியைப் பற்றி நம் பெண்கள் வாய் திறப்பதில்லை. தண்ணீர் அடிப்படையிலான ஜெல் பாவிக்கலாம். தாதியிடம் தனியாகக் கேளுங்கள், அவர்களுக்கு இது புதிதில்லை.

மோர்பின் என்றதும் வீட்டார் பயப்படுகிறார்கள், "கடைசி" என்று நினைக்கிறார்கள். நோவுக்காக நேரம் தவறாமல் எடுக்கும்போது நடக்கவும் நித்திரை கொள்ளவும் முடிகிறது. சாதாரண மோர்பின் நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. நோ வரும்வரை காத்திருந்து எடுத்தால் அடக்கக் கூடுதல் அளவு தேவைப்படும். தொடங்கும் அன்றே மலமிளக்கியும் கேட்டு வாங்குங்கள், ஏனென்றால் மலச்சிக்கல் பழகிப் போகாது. புதிதாக முதுகு நோவும், கூடவே கால் பலமிழத்தலோ சிறுநீர் கட்டுப்படாமையோ வந்தால் முள்ளந்தண்டு நரம்பு நெருக்கப்படுகிறது என்று எண்ணி, கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அன்றே போங்கள். தாமதித்தால் நடை திரும்பாமல் போகலாம்.